உப்பு வரத்து

குருவுக்கு வயது இருபத்துமூன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

குருவின் பெயர் ஜெசிந்தா. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். சீடர் வெங்கிடுசாமி, மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்தவர்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் அது ஆசிரமம் மாதிரி. மற்றபடி கீழேயிருந்து கொத்தமல்லி வாசமும் உர வாசமும் சேர்ந்து ஏறிவரும். நான் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பப் போவேன். அனுப்பி முடித்தாலும் எழுந்து வர மனம் வராது. இன்று அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் இப்போதும் என் கால் தானாக மாடிப்படியைத் தேடுகிறது.

'ஆயிரம் கிடங்கு' என்று ஒரு விளையாட்டு. யாரோ புண்ணியவான்கள் தமிழிலேயே செய்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் ஊர். எந்த ஊரிலும் எல்லாம் விளையாது. இல்லாததை அடுத்தவர் ஊருக்கு லாரி விட்டுக் கொண்டுவர வேண்டும். கிடங்குகள் வற்றினால் ஜனங்கள் மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவார்கள். கடைசிக் குடும்பமும் போய்விட்டால் ஊர் அழிந்துபோகும். இந்த ஆட்டத்தில் ஜெசிந்தாவை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் குரு என்றோம். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

வெங்கிடுசாமிக்கு இதைக் காட்டியவன் அவர் மகன் லோகநாதன். ஒன்றாம் நம்பர் மெஷினில் இரண்டு நாற்காலி போட்டு அப்பனும் மகனும் உட்காருவார்கள். அப்பாவுக்கு வயலும் தோட்டமுமாக ஓர் ஊர். மகனுக்குக் கடலோரத்தில், உப்பளத்தோடு ஓர் ஊர். இரண்டையும் லோகுதான் ஓட்டுவான். அப்பா யோசனை சொல்வார், பெரும்பாலும் தப்பான யோசனை. அவர்கள் சிரிப்பதைக் கேட்பதற்காகவே நான் பக்கத்து மெஷினைப் பிடிப்பேன்.

பிறகு லோகு மஸ்கட் போனான். அங்கிருந்து அவன் ஊரை அவன் பார்த்துக்கொண்டான். இங்கிருந்து இவர் ஊரை இவர். மார்க்கெட் முடிந்ததும் மத்தியானம் வந்து அதே மெஷினில், அதே நாற்காலியில் உட்காருவார்.

ஒரு நாள் குருவைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, உப்பு வரத்து நின்னுபோச்சு."

"எப்பருந்துங்கய்யா?"

"ஆடி பொறந்ததுல இருந்தே. லோகு இந்தப் பக்கமே வரக்காணோம். அவன் ஊரப் பாரு, ஜனமெல்லாம் மூட்டையத் தூக்குது."

திரையில் கடலோர ஊர் வெறிச்சென்று கிடந்தது. நாலைந்து வீடுகளில்தான் விளக்கு எரிந்தது.

"என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

"உப்புக்கு வேற ஊரு பாத்துக்கலாம். அது பெரிய காரியமில்ல." சற்று நிறுத்தினார். "ஆனா அவன் ஊரு அழிஞ்சுதுன்னா, அப்புறம் அவன எங்க போயிப் பாக்கறது?"

ஜெசிந்தா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க லாரி அங்க போறப்ப என்ன ஏத்திட்டுப் போவுதுங்க?"

"போறப்ப என்னத்த ஏத்தறது? காலியாத்தான் போவும். வர்றப்ப உப்பும் கருவாடும் வரும்."

"மண்டியில காலி லாரி விடுவீங்களா?"

"விடுவனா? ஆத்துல போட்டாலும் அளந்து போடற ஆளு நானு. இந்த ஆட்டத்துல அதுக்கு வழியில்ல அம்மிணி. இங்க பாரு, வரத்துன்னு ஒரே பட்டன். கீழ ஒரே கட்டம். வேணுங்கறத எழுதுனா வந்துரும்."

அவள் குனிந்து பார்த்தாள். 'வரத்து' என்றுதான் இருந்தது. கண் விழித்ததிலிருந்து தக்காளி வரத்து, முருங்கை வரத்து என்றே பேசுகிற மனிதருக்கு அதில் சந்தேகம் வர நியாயமில்லை.

குரு கையை நீட்டி மெஷினை அணைத்தாள்.

"ஏம்மிணி!"

"மூணாம் நம்பர்ல உக்காருங்கய்யா."

"நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

அது எல்லோருக்கும் தெரியும். லோகு போன கொஞ்ச நாளிலேயே அந்த மானிட்டர் பழுதாகி, படம் இடதுபக்கம் நகர்ந்து, நாலு விரல் அகலத்துக்கு ஓரம் மறைந்துபோயிருந்தது. மாற்றிவிடுகிறேன் என்று ஜெசிந்தா சொன்னபோதெல்லாம், "பையன் தொட்டது, இருக்கட்டும்" என்று தடுத்தவர் அவர்தான்.

"உப்பு வேணும்னா எந்திரிங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து மூன்றாம் நம்பருக்கு மாறினார். அவள் அவருடைய ஊரைத் திறந்து கொடுத்துவிட்டு நகர்ந்தாள். அவர் திரையோடு முகம் ஒட்டுகிற மாதிரி குனிந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

அந்தத் திரையில் பட்டன் நீளமாக இருந்தது. 'போக்குவரத்து' என்று முழுசாகத் தெரிந்தது. கீழே ஒன்றல்ல, இரண்டு கட்டங்கள். வலதுபக்கக் கட்டத்தில் உப்பு, கருவாடு என்று அவர் எழுதியது இருந்தது. இடதுபக்கக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை.

"இத்தன நாளும் இது இங்கதான் இருந்துதா?"

"இருந்துதுங்க."

"அவன் ஒரு வார்த்த சொல்லலையே."

"உங்ககிட்ட எதையாச்சும் கேட்டு வாங்கியிருக்காருங்களா?"

"கேக்க மாட்டான். சின்னதுல இருந்தே அப்படித்தான்."

அவருடைய கிடங்கில் தக்காளி கேட்பாரற்று அழுகிக்கொண்டிருந்தது. நல்லதாகப் பார்த்துத் தக்காளி ஏற்றினார். அரிசி ஏற்றினார், வெங்காயம் ஏற்றினார். கடைசியில், அந்த ஆட்டத்தில் யாரும் சீந்தாத கொத்தமல்லியையும் கொஞ்சம் ஏற்றினார்.

"அவனுக்குக் கொத்தமல்லித் தொவையல்னா உசுரு," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மறுநாள் பார்த்தபோது லாரி போய்ச் சேர்ந்திருந்தது. கிளம்பிய ஜனத்தில் பாதிப்பேர் மூட்டையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் லாரி விட்டார். கடலோர ஊர் மெல்லத் தழைத்தது. உப்புகூட வந்தது. லோகு மட்டும் ஆட்டத்துக்கு வரவில்லை.

"அம்மிணி," என்றார் ஒரு மத்தியானம். "போக்கெல்லாம் சரியா அனுப்பறேன். வரத்தக் காணோமே."

"போன் பேசுவாருங்களா?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம கூப்புடுவான்."

"நீங்க என்ன பேசுவீங்க?"

"எப்ப வர்றேன்னு கேப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன? லீவு கெடைக்கலப்பாம்பான். எப்பத்தான் வருவேம்பேன். வெச்சிருவான்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். வேறென்ன இருக்குது?"

ஜெசிந்தா அணைந்து கிடந்த ஒன்றாம் நம்பர் மானிட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் போனும் ஒண்ணாம் நம்பர் மெஷின்தானுங்களாய்யா?"

வெங்கிடுசாமி சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். அதன் இடது ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். அன்றைக்கு வியாழக்கிழமை.