தாமதமாக வந்த கப்பல்

அருமைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட பியூலா டீச்சர் அவரைவிட வெகு இளையவர். அதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

அவர் கற்றுக்கொண்டது போர் ஆட்டம். மேஜைமேல் நடக்கும் போர் அது. தூத்துக்குடியில் டீச்சர் வீட்டு மாடியில் ஒரு பழைய டேபிள் டென்னிஸ் மேஜை உண்டு. வலையைக் கழற்றிவிட்டு அதன்மேல் தெர்மகோல் மலைகளையும் மரத்தூள் வயல்களையும் பரப்புவார்கள். விரல் உயரப் பொம்மை வீரர்கள் இரு பக்கமும் நிற்பார்கள். நாடாவால் அளந்துதான் நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் வருவார்கள்.

சிலருக்கு எதிர்காலப் போர்கள் பிடிக்கும். கிரகங்கள், விண்கலங்கள், இயந்திர மிருகங்கள். சிலருக்குப் பழைய போர்களை மாற்றி ஆடப் பிடிக்கும். அன்றைக்கு மழை பெய்யாமல் இருந்திருந்தால்? தூதன் வழி தவறாமல் போயிருந்தால்?

"ரெண்டும் ஒண்ணுதான்," என்பார் டீச்சர். "நடக்காததை முன்னால வச்சா அது. பின்னால வச்சா இது."

அருமைநாயகம் முன்னால் வைக்கிறவராகத்தான் இருந்தார். பெயின்ட் கடை நடத்தியவர். அவர் தீட்டிய விண்கலங்களைக் குனிந்து பார்த்தால் சன்னலுக்கு உள்ளே விளக்கு எரிவது போலிருக்கும்.

ஒரு சனிக்கிழமை எல்லாம் மாறிப்போனது.

அன்று மாடியில் பெரிய ஆட்டம். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அருமைநாயகம் மாதக்கணக்கில் உட்கார்ந்து தீட்டிய விண்கலப் படை முதல்முறையாக மேஜை ஏறியது. மதுரையில் அவருடைய ஒரே தம்பி ஆசீர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அந்த வாரம்தான் போனில், "அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்," என்று கேட்டிருந்தான். "ஞாயித்துக்கிழமை முத பஸ்ல வாரேன்டே," என்று இவர் சொல்லியிருந்தார்.

ஆட்டம் சூடு பிடித்திருந்த நேரத்தில் அவருடைய போன் அதிர்ந்தது. எதிரே ஆடிக்கொண்டிருந்த டீச்சர்தான் சொன்னார்.

"போன் அடிக்குது, அண்ணாச்சி."

"முடிச்சிட்டுப் பேசிக்கிடலாம்."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். டீச்சர் பகடையை உருட்டினார்.

அருமைநாயகம் ஜெயித்தார். கைதட்டல் அடங்கியபிறகு போனைத் திருப்பிப் பார்த்தார். ஆசீர் இறந்து போயிருந்தான்.

அடக்கத்துக்குப் போனார். போனார் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. தம்பி வீட்டுத் தெரு வரைக்கும் போனார். எதிர்ச் சாரியில் அடைத்துக் கிடந்த ஒரு மருந்துக் கடை ஓரம் நின்றார். பெட்டியைத் தூக்கும்போது ஆசீரின் மனைவி ஜெயசீலி, சின்னப் பிள்ளையை அணைத்தபடி தலையை நிமிர்த்தி, கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். அருமைநாயகம் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு ஜெயசீலியின் பெயர் போனில் வரும்போதெல்லாம் அதையும் கவிழ்த்து வைத்தார்.

சில வாரங்கள் கழித்து மாடிக்கு வந்தார். கையில் விண்கலங்கள் இல்லை. ஒரு கோட்டை இருந்தது.

பாளையக்காரர் காலத்துக் கோட்டை. அவரே கற்பனை செய்து, அட்டையில் செய்து, செம்மண் நிறம் பூசியது. அதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார். கோட்டையைச் சுற்றிப் பீரங்கிகள் நிற்கின்றன. உதவிக்குத் தெற்கிலிருந்து ஒரு குதிரைப்படை கிளம்புகிறது. அது வந்து சேர்வதற்குள் கோட்டை விழுந்துவிடுகிறது.

இந்தக் கதையை மாற்றி ஆடத்தான் அவர் வந்தார். எப்போதும் குதிரைப்படையைத்தான் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒரு வாரம் ஆற்று வெள்ளம் சீக்கிரம் வடிந்துவிடும். ஒரு வாரம் குதிரைகளுக்குச் சீக்கு வராது. ஒரு வாரம் தளபதி இளைப்பாறாமல் கிளம்பிவிடுவான். ஏதோ ஒன்றை மாற்றுவார். படை நேரத்துக்குப் போய்ச் சேரும். கோட்டை பிழைக்கும்.

ஜெயித்தபின் அவர் முகத்தைப் பார்க்க மற்றவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஒவ்வொருவராக அவரோடு ஆடுவதைத் தவிர்த்தார்கள். டீச்சர் மட்டும் வாராவாரம் எதிரே உட்கார்ந்து, வாராவாரம் தோற்றார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. மற்றவர்கள் போய்விட்டார்கள். அருமைநாயகம் குதிரைகளைப் பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"எந்த இடத்துல மாத்தினா சரியா வரும்?"

"கோட்டையா?"

அவர் ஒரு குதிரையை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"நான் அன்னைக்கே கிளம்பிப் போயிருந்தா அவன் பிழைச்சிருப்பானா?"

"தெரியாது, அண்ணாச்சி. டாக்டர் என்ன சொன்னாரு?"

"கேக்கல. யார்ட்டயும் கேக்கல."

டீச்சர் பிளாஸ்கிலிருந்து பால் சேர்க்காத கட்டஞ்சாயாவை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"அடுத்த மாசம் அவனுக்கு வருச நினைவு," என்றார் அருமைநாயகம். "ஜெயசீலி வரச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கா."

"போறீயளா?"

"எந்த முகத்தோட?"

சாயா ஆறிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் மீன் வண்டி ஒன்று கூவிக்கொண்டு போனது.

"அடுத்த வாரம் கோட்டை வேண்டாம்," என்றார் டீச்சர். "வெறுங்கையோட வாங்க."

அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது மாடியில் வேறு யாரும் இல்லை. மற்றவர்களை வர வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மேஜை முழுக்க உப்பு பரப்பிக் கிடந்தது, உப்பளத்திலிருந்து வந்த கல் உப்பு. சன்னல் வெளிச்சத்தில் அது பனி போல் மினுங்கியது. நடுவில் வெள்ளைக் கிண்ணங்கள் சில கவிழ்ந்திருந்தன. அவற்றைச் சுற்றி விண்வெளி உடுப்புப் போட்ட வீரர்கள். எதிரே எட்டுக் கால் இயந்திரங்கள். மேஜையின் மறுகோடியில் ஒரு கப்பல்.

கப்பல் அவர் தீட்டியது. எப்போதோ டீச்சருக்குக் கொடுத்தது.

"இது என்ன இடம்?"

"தூரத்துல ஒரு நிலா. மனுசங்க குடியேறி இருக்காங்க. மிசினுக வந்து வளைச்சிருக்கு. கப்பல் உதவிக்கு வருது."

அருமைநாயகம் பழக்கத்தில் கப்பல் இருந்த பக்கம் போனார்.

"அது எனக்கு," என்றார் டீச்சர். "நீங்க உள்ள இருங்க."

அவர் சற்று நின்றார். பிறகு நாற்காலியைக் கிண்ணங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. இயந்திரங்கள் மூன்று பக்கமும் நெருங்கின. அவர் நன்றாகவே ஆடினார். பாறை மறைவில் ஆளை நிறுத்தினார். பக்கவாட்டில் வந்த இயந்திரங்களை மடக்கினார். உப்பை விரலால் வழித்து ஒரு பள்ளம் தோண்டினார். டீச்சர் இயந்திரங்களை நகர்த்திவிட்டு ஒவ்வொரு முறையும் கப்பலையும் ஒரு சாண் நகர்த்தினார்.

வடக்கு ஓரம் விழுந்தது. அருமைநாயகம் மீதி ஆட்களைக் கிண்ணங்களை ஒட்டி நிறுத்தினார்.

"பொறுத்துக்கிடுங்கடே," என்று பொம்மைகளிடம் சொன்னார். "கப்பல் வந்துட்டிருக்கு."

அடுத்த முறை டீச்சர் கப்பலைத் தொடவில்லை.

அருமைநாயகம் கவனிக்கவில்லை. அதற்கடுத்த முறையும் அது அங்கேயே நின்றது. மேஜை ஓரத்தில் விண்கல்லாக வைத்திருந்த ஒரு படிகாரக் கட்டியின் பக்கத்தில்.

"டீச்சர், கப்பலை நகர்த்த மறந்துட்டீய."

"மறக்கல. நிக்குது."

"எதுக்கு?"

"ஒரு வேலை இருக்கு."

"இங்க ஆள் விழுந்துட்டு இருக்கான்."

"தெரியும். உங்க முறை, அண்ணாச்சி."

அவர் உருட்டினார். நல்ல எண் விழுந்தது. ஓர் இயந்திரத்தைச் சாய்த்தார். இன்னும் இரண்டு முன்னால் வந்தன. கப்பல் நின்றது.

"அப்படி என்ன வேலை?"

"அப்ப அது பெரிசாத் தெரிஞ்சிது."

"வரேன்னு சொல்லிட்டுதான கிளம்பினீய?" அவர் குரல் உயர்ந்தது. "சொன்ன பிறகு நடுவழியில நிக்கதா? இவனுவ உங்களை நம்பி உக்காந்திருக்கானுவ. மனுசங்களா நீங்கல்லாம்?"

எழுந்து நின்றிருந்தார். கை மேஜையை அழுத்திப் பிடித்திருந்தது. பள்ளத்தின் ஓரத்து உப்பு சரிந்து உள்ளே விழுந்தது.

டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு எதிர்ல நான்தான் இருந்தேன், அண்ணாச்சி," என்றார். "அடிக்குதுன்னு ஒரு தடவை சொன்னேன். ரெண்டாந்தடவை சொல்லியிருக்கலாம். எனக்கும் அந்த ஆட்டத்தை ஆடணும்னு இருந்திச்சி."

அருமைநாயகம் மெல்ல உட்கார்ந்தார். பள்ளத்தில் சரிந்த உப்பை விரலால் வழித்து எடுத்தார்.

"ஆடுவோம்," என்றார் கடைசியில்.

ஆடினார்கள். அவர் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். விழுந்தவனை அவரே எடுத்து உப்பில் கிடத்தினார், மல்லாக்க. கடைசியில் ஒருவன்தான் மிச்சம். அவனுக்காகப் பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு உருட்டினார். அவனும் விழுந்தான்.

டீச்சர் இயந்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டார். "வந்த வேலை முடிஞ்சிது, போயிட்டுதுக," என்றார். பிறகு கப்பலைத் தூக்கிக் கொண்டுவந்து கிண்ணங்களுக்குப் பக்கத்தில் இறக்கினார்.

அருமைநாயகம் அதைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"இப்ப வந்து என்னத்துக்கு?"

"வரேன்னு சொல்லியிருந்தேன்லா."

"ஆட்டம் முடிஞ்சிட்டு, டீச்சர்."

அவர் பொம்மைகளைச் சேர்க்கக் கையை நீட்டினார். டீச்சர் அந்தக் கையை லேசாகத் தள்ளிவிட்டு, நடுவில் இருந்த பெரிய கிண்ணத்தைத் தூக்கினார்.

அடியில் சின்னதாகச் சில உருவங்கள். ஆயுதம் இல்லை. ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இன்னொன்று.

"இவுக யாரு?"

"உள்ள இருந்தவங்க."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கல."

அவர் குனிந்து பார்த்தார். டீச்சரே தீட்டியிருக்க வேண்டும். அவ்வளவு நேர்த்தி இல்லை. கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன.

டீச்சர் எழுந்து இந்தப் பக்கம் வந்தார். கப்பலை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இனிமே இது உங்களுக்கு. இறக்குதீயளா, திருப்பிக் கொண்டு போயிருதீயளா?"

அவர் கப்பலைப் புரட்டிப் பார்த்தார். சன்னல்களை ஒரு விரலால் தடவினார்.

"இறங்கினா கேப்பாவ."

"என்ன கேப்பாவ?"

"ஏன் இவ்வளவு நேரம்னு."

"ஆமா. கேப்பாவ."

"எங்க இருந்தீய, என்ன செஞ்சீயன்னு கேப்பாவ. அந்தப் பிள்ளையும் கேக்கும், பெரியப்பா ஏன் வரலைன்னு." அவர் கப்பலை இறுகப் பிடித்தார். "நான் என்ன பதில் சொல்ல? என்கிட்ட ஒரு பதிலும் இல்லையே, டீச்சர்."

டீச்சர் சன்னல் பக்கம் பார்த்தார். வெயில் இறங்கி, மேஜை உப்பின்மேல் மஞ்சளாகப் படிந்திருந்தது.

"கேக்கதுக்கு அவுகளுக்கு ஒரு ஆள் வேணும்லா, அண்ணாச்சி."