நாவல் மரத்தடியில் நிற்காத மாலை

இருட்டிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்கும். காய்ந்த வாகைக் காய்களைச் சாக்கில் போட்டு யாரோ குலுக்குவதுபோல, கடகட, கடகட என்று. கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு நின்றுவிடும்.

வளைக்குள் தனியாக இருக்கும் நுங்கு காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். நுங்கு ஒரு முள்ளம்பன்றிக் குட்டி. பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது. முதுகு முள்ளெல்லாம் இன்னும் பஞ்சு மாதிரி இருந்தது.

சத்தம் அடங்கிச் சற்று நேரத்தில் அவன் அம்மா ஈச்சி வந்து சைக்கிளை வாசலில் சாத்துவாள்.

ஒருநாள் அவன் கேட்டுவிட்டான். "நாவல் மரத்துப் பக்கம் ஏதோ கடகடங்குதே, அது என்னம்மா?"

ஈச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்தச் சத்தம் அவளுடையதுதான்.

நுங்குவின் அப்பா பக்கத்துக் காட்டில் கிணறு தோண்டப் போயிருந்தார். மழைக்காலத்தில்தான் திரும்புவார். அதனால் ஈச்சி தினமும் சைக்கிளில் ஊருக்குப் போய்க் கிழங்கு விற்று வருவாள். காட்டின் நடுவே இருந்த அந்த ஊர் பெரியது. சைக்கிளுக்கென்று ரோட்டோரம் வெள்ளைக் கோடு போட்டுத் தனிப் பாதையே விட்டிருந்தார்கள். அந்தப் பாதையில் சைக்கிளைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும்.

எருமைகள் குறுக்கே நின்று சம்பந்தம் பேசும். மயில் பின்னால் பார்க்காமல் கார்க் கதவைத் திறந்து தோகையை முதலில் வெளியே விடும். ஒரே ஸ்கூட்டரில் வரும் மூன்று குரங்குகள் போகிற போக்கில் அவள் கூடையைத் தட்டிவிட்டுச் சிரிக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஈச்சியின் முதுகில் பத்து முள் எழும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். அவள் படித்தது வெள்ளைக் கொக்குகள் நடத்திய பள்ளியில். நல்ல பெண்ணின் முள் சத்தம் போடாது என்று அங்கே சொல்லித்தான் வளர்த்தார்கள். கோபம் வந்தால் நூறு வரை எண்ண வேண்டும்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முதுகு முழுக்க முள் குத்திட்டு நின்றுகொண்டிருக்கும். அப்படியே வீட்டுக்குப் போக மனம் வராது. நாவல் மரத்தடியில் சைக்கிளை நிறுத்துவாள். யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு உடம்பை உதறுவாள். கடகட, கடகட. கடைசி முள்ளும் படிந்த பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

அன்று அவள், "நான்தான் கண்ணு அது" என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

"அது ஒரு கெட்ட மிருகம்" என்றாள். "அந்தச் சத்தம் வாசல்கிட்ட கேட்டா உடனே தாழ்ப்பாள் போட்டுடணும். யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது, சரியா?"

பிள்ளையைத் தனியாக விட்டுப் போகிற பயம் அவளுக்கு. இந்தப் பொய்யாவது அவனைக் காக்கட்டும் என்று நினைத்தாள். தினமும் பழக்கியும் பார்த்தாள். தாழ்ப்பாளோ கனத்த கருங்காலிக் கட்டை. நுங்கு மூச்சைப் பிடித்து, பின்னங்காலில் எழும்பி நின்று தூக்குவான். பாதியில் நழுவிவிடும்.

"நாளைக்குக் கைக்கு வந்துடும் பாரு" என்பாள் ஈச்சி.

ஒருநாள் நுங்குவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஈச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு விரைந்தாள். ஆந்தை வைத்தியர் சுரைக்குடுவையில் கஷாயம் ஊற்றிக் கொடுத்தார். இருட்டுவதற்குள் முதல் வேளை உள்ளே போய்விட வேண்டும், சூடு தலைக்கு ஏறினால் கஷ்டம் என்று இரண்டு தடவை சொன்னார்.

குடுவையைக் கூடையில் வைத்துக்கொண்டு அவள் மிதித்தாள். பாதி வழியில் சைக்கிள் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு வேன் நின்றது. உள்ளே காட்டுப்பன்றி கரும்பு தின்றுகொண்டிருந்தது.

ஈச்சி மணியடித்தாள். அது திரும்பவில்லை. மறுபடி அடித்தாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. பிள்ளைக்கு மருந்து கொண்டுபோறேன்."

"ஊசி மூட்டைக்கெல்லாம் ரோடு ஒரு கேடா? இறங்கித் தள்ளிக்கிட்டுப் போம்மா" என்றது பன்றி. சக்கையை அவள் காலடியில் துப்பிவிட்டு வேனைக் கிளப்பியது. பள்ளத்துச் சேறு வாரி அவள் முகத்தில் அடித்தது.

ஈச்சி கூடையைப் பார்த்தாள். குடுவை பத்திரமாக இருந்தது. பாதையும் காலியாகிவிட்டது. வெளிச்சமும் மிச்சம் இருந்தது. அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

மூன்று தெரு துரத்தினாள். நாலாவது தெருவில், மண்டி வாசலில், வேனைப் பிடித்துவிட்டாள். இத்தனை நாள் எருமையிடமும் மயிலிடமும் குரங்குகளிடமும் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் சேர்த்துப் பன்றியிடம் கொட்டினாள். முதுகு முழுக்க முள் எழுந்து ஆடியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

பன்றி கரும்பை மென்று முடித்தது.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? பிள்ளைக்கு மருந்துன்னியே?" என்றது.

அப்போதுதான் அவள் வானத்தைப் பார்த்தாள். நன்றாக இருட்டிவிட்டிருந்தது.

வெறிபிடித்தவள்போல் மிதித்தாள். நாவல் மரம் வந்தது. நிற்க நேரமில்லை. பன்றிமேல் கோபம், தன்மேல் அதைவிடக் கோபம். எல்லா முள்ளும் கடகடக்க வாசலில் வந்து இறங்கினாள்.

உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. நுங்கு முதல்முறையாகத் தூக்கிப் போட்டுவிட்டான்.

"நுங்கு, அம்மாடா. திற."

"அம்மா, வராதே. அப்படியே ஓடிப் போயிடு" என்றான் அவன். "அந்த மிருகம் வாசல்லதான் நிக்குது. எனக்குக் கேக்குது."

"மருந்து கொண்டுவந்திருக்கேன் கண்ணு."

"அது போனப்புறம் திறக்கறேம்மா. நீதானே சொன்னே?"

மருந்து வெளியே, காய்ச்சல் உள்ளே, நடுவே ஒரு கதவு. ஈச்சி பதறினாள். பதறப் பதற முள் இன்னும் ஆடியது. சத்தம் கேட்டு உள்ளே பிள்ளை அழுதான். அந்த அழுகையைக் கேட்டு இவள் முதுகு முள் மேலும் நிமிர்ந்தது. நூறு வரை எண்ணினாள். முந்நூறு வரை எண்ணினாள். ஒரு முள்கூடப் படியவில்லை.

கடைசியில் மண்ணில் உட்கார்ந்து கதவில் நெற்றியை வைத்தாள். அந்தப் பன்றி இந்நேரம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கும் என்று தோன்றியது. அதற்கு இவள் முகம்கூட நினைவிருக்காது. இங்கே இவள் பிள்ளை எரிந்துகொண்டிருக்கிறான். எண்ணுவதை விட்டுவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு மட்டும் கேட்டது. அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முள்ளாகச் சாய்ந்தது.

சத்தம் நின்று நெடுநேரம் கழித்துத்தான் தாழ்ப்பாள் அசைந்தது. பலமெல்லாம் போய், பல்லால் கடித்து இழுத்துத்தான் அவன் திறந்தான். திறந்ததும் அவள் மடியில் விழுந்தான்.

மருந்து உள்ளே போயிற்று. ஆனால் ஒரே ராத்திரியில் இறங்கியிருக்க வேண்டிய காய்ச்சல் ஒன்பது நாள் பிடித்து ஆட்டிவிட்டுத்தான் விட்டது.

பத்தாம் நாள் ஈச்சி அவனை மடியில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். அந்த மிருகம் வேறு யாரும் இல்லை, நான்தான் என்றாள்.

நுங்கு அவள் முகத்தையே பார்த்தான். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினான்.

"சும்மா சொல்லாதேம்மா. அது கெட்டதுன்னு நீதானே சொன்னே?"

எத்தனை முறை சொல்லியும் அவன் நம்பவில்லை.

இப்போது ஈச்சி யாரையும் துரத்துவதில்லை. எருமைகள் குறுக்கே நின்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாள். நாவல் மரத்தடியில் எத்தனை நேரமானாலும் நின்றுவிட்டுத்தான் வருகிறாள். ஆனாலும் தினமும் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சின்னக் குரல் கேட்கிறது.

"அம்மா, நீ மட்டும்தானே வந்திருக்கே?"

"ஆமாம் கண்ணு, நான் மட்டும்தான்" என்று சொல்லும் முன் அவள் ஒருமுறை தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.

அவள் உள்ளே வந்ததும் நுங்கு ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தூக்குகிறான். இப்போதெல்லாம் அது அவனுக்குக் கனப்பதே இல்லை. கெட்ட மிருகம் வெளியே நின்றுவிட்டது என்ற நிம்மதியோடு உள்ளேயிருந்து இறுக்கிப் போடுகிறான். வழியில் எவன்மேலோ வந்த கோபத்தை வழியிலேயே இறக்கிவிட்டு வராதவரை எந்தத் தாழ்ப்பாளும் நம் பிள்ளையைக் காக்காது.