பிரண்டைக்குக் கணு விழுந்தது ஏன்

கொடியும் நண்டும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் பிரண்டைக்குக் கணுவே கிடையாது. வேலியில் கயிறு போட்டதுபோல நீளமாக, வழுவழுவென்று படர்ந்து கிடந்தது. தொட்டால் அரிக்கவும் அரிக்காது.

அந்த வேலிக்கு உள்ளே இருந்த குடிசையில் வீராயி என்ற நடவுக்காரி இருந்தாள். பன்னிரண்டு வயதில் சேற்றில் இறங்கியவள், நாற்பத்தைந்தில் முழங்கால் வீங்கி முடங்கிவிட்டாள். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. காலையில் கண் விழித்தால் கால் மடங்குவதற்கே ஒரு நாழிகை ஆனது. புருஷன் பக்கிரி நல்லவன்தான். அதாவது, அடிக்கமாட்டான். அந்த ஊரில் அதற்கே நல்லவன் என்று பெயர் கிடைத்துவிடும்.

வைத்தியத்துக்கு வரப்பு நண்டு வந்தது. கீறுவதைத் தவிர வேறெதுவும் கற்காத வைத்தியர்.

"முட்டியத் தொறந்து வெட்டி எடுத்துட்டாப் போச்சு தாயி" என்று கொடுக்கைத் தீட்டியது. கொக்கு ஒற்றைக் காலில் நிற்பது யாருடைய கைவண்ணம் என்று ஊருக்கே தெரியும். வீராயி பயத்தில் அழுதாள்.

வேலியிலிருந்து பிரண்டை பேசியது. "அழாதக்கா. வெட்டவே வேணாம். என் கொழுந்த வதக்கி அரைச்சுச் சாப்புடு. ஆமணக்கு எலைய வாட்டி ஒத்தடம் குடு. கால நீட்டி, தொடைய இறுக்கி இறுக்கி விடு. காஞ்ச வரப்புல இன்னைக்குப் பத்தடி நட, நாளைக்குப் பதினஞ்சு. ஒரு மண்டலம் முடியிற வரைக்கும் குந்தாத, சேத்துல எறங்காத."

"தேஞ்ச முட்டி வளந்துருமா?"

"வளராது. தேஞ்சது தேஞ்சதுதான். ஆனா வலி கொறஞ்சு, உன் கால்ல நீ நடக்கலாம். அவ்வளவுதான் என்னால முடியும்."

வீராயிக்கு அது போதும். தன் காலில் தான் நடந்து ஒதுங்கப் போக வேண்டும், யாரையும் கூப்பிடக் கூடாது என்பதுதான் அவள் ஆசை. சொன்னபடி எல்லாம் செய்தாள். இருபதாம் நாள் தனியாகக் குளம்வரை போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். சந்தோஷத்தில் குடத்தை இறக்கி வைக்கக்கூட மறந்து சிரித்துக்கொண்டு நின்றாள். அதை ஊரே பார்த்தது. அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் நடவு. வீராயிக்குக் கைராசி உண்டு என்று வருடா வருடம் முதல் நாற்று முடியை அவள்தான் நடுவாள். முதல் முடி நட்டவள் வயல் நிறையாமல் கரையேறினால் பயிர் பதராகும் என்பது அந்த ஊர்க் கட்டு. நாட்டாமை வாசலுக்கே வந்துவிட்டார்.

"பக்கிரி, ஒம் பொஞ்சாதிதான் நடக்குறாளாமே?"

"நல்லாவே நடக்குறா, நாட்டாமை. வருவா" என்றான் பக்கிரி. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மண்டலம் முடியலிங்க" என்றாள் வீராயி.

"ஒரு முடிதான புள்ள? நட்டுட்டு ஏறிடு" என்றான் பக்கிரி.

ஏற முடியாது என்று அவனுக்கும் தெரியும். வீராயி இறங்கினாள். வயல் நிறையச் சாயங்காலம் ஆனது. நேற்று நட்டவள் இன்று நட மாட்டாளா என்று மறுநாள் அடுத்த வயலுக்குக் கூப்பிட்டார்கள். இப்படியே எட்டு நாள். ஒன்பதாம் நாள் சேற்றில் ஊன்றிய கால் வரவில்லை. இரண்டு பெண்கள் அவளைத் தூக்கிவந்து குடிசையில் போட்டார்கள்.

"கொடி பேச்சக் கேட்டா இப்புடித்தான் ஆவும்" என்றான் பக்கிரி, சோற்றைப் பிசைந்துகொண்டே.

அதைக் கேட்டதும் வீராயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தவழ்ந்தே வேலிக்குப் போனாள். பிரண்டையை இழுத்து மளுக்கென்று முறித்தாள்.

"பொய்க்காரி! நடக்கலாம்னியே!"

"அக்கா, நானா ஒன்னச் சேத்துல எறக்குனேன்?"

அவள் கை ஒரு கணம் நின்றது. யார் இறக்கியது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் நாட்டாமையை முறிக்க முடியாது. பக்கிரியையும் முறிக்க முடியாது. கைக்கு எட்டியது கொடி ஒன்றுதான். அழுதுகொண்டே சாண் சாணாக முறித்துப் போட்டாள். பிரண்டை அதற்குப் பிறகு எந்த மனிதரோடும் பேசவில்லை. முறிந்த துண்டுகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டன. ஒட்டின இடமெல்லாம் அவள் முட்டியைப் போலவே வீங்கி நின்றது.

அன்று விழுந்ததுதான் பிரண்டையின் கணு. தொட்ட கையை அது அரிக்கத் தொடங்கியதும் அன்றுதான். நடவு முடிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணிடம், பிரண்டைத் துவையல் சாப்பிட்டால் சரியாகும் என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். கை அரிக்க அரிக்க அதை உரித்து, வதக்கி, அம்மியில் அரைத்து, வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் இருந்தால் அவளும் சாப்பிடுகிறாள். மறுநாள் விடிந்ததும் சேற்றில் இறங்குகிறாள்.