ஒளிய இடம் தேடிய ராஜாவும் முற்றத்துத் தோட்டமும்

வெகுகாலத்துக்கு முன்னே தும்பைக்கோட்டை என்ற சீமையைக் கோளரி மகாராஜா என்று ஒருவர் ஆண்டுவந்தார். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே கொஞ்ச நேரம் கிடைத்தால் ஆள்வார்.

ஒருநாள் அவர் பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனார். அந்த ராஜாவின் தோட்டம் மலையும் ஓடையுமாகக் கண்ணுக்கெட்டாத தூரம் விரிந்து கிடந்தது. "இதற்குள் நான் போய் ஒளிந்துகொண்டால் என் படையே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று அந்த ராஜா பீற்றிக்கொண்டார். கோளரிக்கு அன்றைக்குப் பாயசம் இறங்கவில்லை.

ஊர் திரும்பியதும் சபையைக் கூட்டினார். "எனக்கும் அப்படி ஒரு தோட்டம் வேண்டும். நான் உள்ளே போனால் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. அந்தப்புரத்துக்கு எதிரே இருக்கும் முற்றத்தில் போடுங்கள்!"

சபை திகைத்தது. அந்த முற்றத்தில் நாலு பல்லக்கை இறக்கினால் ஐந்தாவதற்கு இடம் கிடையாது.

அரண்மனைத் தோட்டங்களுக்கு அதிகாரி வல்லபராயர். அமைச்சர் குழைக்காதரின் நாற்காலிமேல் அவருக்கு வெகுநாளாய் ஒரு கண். "பிரபு, இதென்ன பெரிய காரியம்! அடியேன் முடிக்கிறேன்" என்று முந்திக்கொண்டார்.

வேங்கை, மா, தாழை, மூங்கில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் முற்றத்தில் நட்டுத் திணித்தார். நடுவில் ஒரு செயற்கைக் குன்று வேறு. மகாராஜா ஆசையாக உள்ளே நுழைந்தார். தொப்பை மூங்கிலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. பின்னால் நகர்ந்தால் தாழை முள் குத்தியது. அவர் போட்ட கூச்சலில் ஒளிந்திருக்கும் இடம் ஊருக்கே தெரிந்துபோயிற்று. ராணி சிரித்த சிரிப்பு மாடத்திலிருந்து கேட்டது.

முள் பிடுங்கி முடிந்ததும் வல்லபராயர் பழியைத் திருப்பினார். "பிரபு, குற்றம் என்னுடையதல்ல. அமைச்சர் கூடுதல் இடம் தரவில்லை. அவ்வளவு புத்திசாலி என்றால் அவரே இந்த முற்றத்தில் செய்து காட்டட்டுமே! முடியாவிட்டால் பதவியை விட்டு இறங்கட்டும்."

"அதுவும் சரிதான். என்ன சொல்கிறீர், குழைக்காதரே?"

"செய்கிறேன், மகாராஜா" என்றார் குழைக்காதர், மூக்கைச் சொறிந்துகொண்டே.

முதல் வேலையாகக் குன்றையும் காட்டையும் வெளியே தூக்கிப் போட்டார். மூலையில் ஒரே ஒரு பவழமல்லி. சுவரில் கயிறு கட்டி முல்லை. வெயில் எட்டாத ஓரத்தில் சேம்பும் மஞ்சளும். நடுவே ஒரு கல்தொட்டியில் தண்ணீர், அதில் ஆம்பல், அதற்குள்ளேயே ஒரு துண்டு வானமும் வந்து படுத்துக்கொண்டது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் மேடை.

"நெட்டையெல்லாம் பின்னால், குட்டையெல்லாம் முன்னால்" என்று ஆட்களுக்குச் சொன்னார். "நடுவிடம் காலியாக இருக்கட்டும். சின்ன இடத்தில் எல்லாரும் முன்வரிசைக்கு வந்தால் என்ன ஆகும் என்று நம் சபையில் தினமும் பார்க்கிறோமே."

மகாராஜா வந்து மேடையில் உட்கார்ந்தார். காற்று குளுகுளுவென்று இருந்தது. ஆனாலும் முகம் சுருங்கிற்று.

"ஓய், இடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கிருந்து பார்த்தாலும் நான் தெரிகிறேனே!"

"தெரிய மாட்டீர்கள். ஒரு வேண்டுகோள். தாங்கள் இயற்றிய மீசைக் காவியத்தைக் கையில் வைத்திருங்கள். யாராவது வந்தால் தொண்டையைச் செருமுங்கள்."

மீசைக் காவியம் என்பது மகாராஜா தம் மீசையைப் பற்றித் தாமே பாடியது. இடது மீசைக்கு ஒரு காண்டம், வலது மீசைக்கு ஒரு காண்டம்.

குழைக்காதர் வெளியே வந்து சபையோரிடம் அறிவித்தார்: "மகாராஜா முற்றத்தில் இருக்கிறார். கண்டுபிடிப்பவர்தான் இனி அமைச்சர். அமைச்சரின் முதல் கடமை, தினமும் காலையில் மீசைக் காவியத்தை முழுக்கக் கேட்பது. இத்தனை வருஷம் நான் கேட்டேன். இன்றைய பாராயணம் உடனே தொடங்கும்."

சேனாதிபதி உள்ளே போனார். செருமல் கேட்டது. முல்லைக்கொடியை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "இங்கே யாருமில்லை" என்று ஓட்டமாக வந்தார். ராஜகுரு கண்ணை மூடிக்கொண்டே போய்க் கண்ணை மூடிக்கொண்டே திரும்பினார். சோதிடர், "கிரகப்படி மகாராஜா இப்போது வடக்கே இருக்கிறார்" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டார்.

கடைசியில் வல்லபராயர் மீசையை முறுக்கிக்கொண்டு நுழைந்தார். எதிரிலேயே மகாராஜா! வாயைத் திறந்தார். மகாராஜாவும் முகம் மலர்ந்து ஓலையைப் பிரித்தார்.

"வாளினும் கூரிய மீசை... வானவர் அஞ்சிடும் மீசை..."

வல்லபராயர் கண்முன்னே அமைச்சர் நாற்காலி ஒரு தரம் வந்தது. அதன் பின்னால் இரண்டு காண்டங்களும் வந்தன. திறந்த வாய் மூடிக்கொண்டது. "ஐயோ, எங்கள் பிரபு எங்கே போனாரோ!" என்று புலம்பியபடி தேடுவதுபோல் சுற்றிவந்தவர், மகாராஜாவின் முழங்காலில் இடித்துக்கொண்டார். "சே, இங்கே ஒரு தூண் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தார்.

"தூணா!" என்று கர்ஜித்துக்கொண்டு மகாராஜா பின்னாலேயே வந்தார். "நான் பாடினேன், இவன் காதிலும் விழவில்லையா?"

"மகாராஜா கேட்ட தோட்டம் அதுதானே? உள்ளே போனால் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்றீர்கள். கண்டுபிடிப்பவர் தினமும் காவியம் கேட்க வேண்டும் என்று அறிவித்தேன், ஒருவர் கண்ணிலும் படவில்லை. பாட்டும் காதில் விழாதது உபரி" என்றார் குழைக்காதர்.

மகாராஜாவின் மீசை துடித்தது. கோபத்தில்தான் துடிக்கிறது என்று எல்லாரும் நடுங்கினார்கள். பார்த்தால் தொப்பை குலுங்கியது. மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவிகளா! இதுவரை என் பாட்டுக்குத் தலையாட்டியதெல்லாம் வேஷமா? குழைக்காதரே, நீர் ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீர், அதையும் தோட்டம் போட்டுச் சொன்னீர். அமைச்சர் பதவி உம்முடையதே. இன்றுமுதல் காவியம் கேட்பதிலிருந்து உமக்கு விடுதலை."

குழைக்காதர் வாழ்நாளில் முதல்தடவையாக மகாராஜாவின் காலில் மனதார விழுந்தார்.

"ராயரே, நீர் இங்கே வாரும். பதவி கிடையாது. தினமும் காலையில் இந்தத் தூணுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு காண்டமும் கேட்க வேண்டும். நடுவில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் எழுந்திருக்கலாம்."

அந்த ஒரு சலுகையை வல்லபராயர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மகாராஜா செருமினாலே சொம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். ஒவ்வொரு செடிக்கும் நின்று நிதானமாக ஊற்றுவார், ஒவ்வொரு இலையையும் துடைப்பார். மழை கொட்டும்போதும் ஊற்றினார். அடுத்த கோடைக்குள் முல்லை சுவரைத் தாண்டிக் கூரையில் ஏறிப் பூத்துக் கொட்டியது. அப்படி ஒரு முற்றம் பக்கத்து நாட்டு ராஜாவிடமும் இல்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.