வேலப்பன் வீட்டுக் கூரை ஏன் ஒழுகியது?

ஆற்றங்கரைக் காட்டில், ஈச்சம்புதர்களுக்கு நடுவே, வேலப்பன் என்ற முள்ளம்பன்றி போன கோடையில் புது வீடு கட்டிக் குடியேறியது. நாலு பக்கமும் களிமண் சுவர். மேலே பனையோலைக் கூரை. கூரை மட்டும் ரொம்பத் தாழ்வு. வேலப்பன் நிமிர்ந்து கொட்டாவி விட்டால் ஓலை மூக்கில் இடிக்கும்.

"இன்னும் கொஞ்சம் உயரமாப் போட்டிருக்கலாமே!" என்றது மனைவி வடிவு.

"உயரமாப் போட்டா காத்து தூக்கிட்டுப் போயிடும். குனிஞ்ச வீடுதான் நிலைக்கும். எல்லாம் யோசிச்சுத்தான் கட்டியிருக்கேன்!" என்றது வேலப்பன்.

தன்னைப்போல் யோசிப்பவர்கள் அந்தக் காட்டிலேயே இல்லை என்பது வேலப்பனின் எண்ணம். அது யோசிக்கிற விதம்தான் கொஞ்சம் வேறு. எதற்கெடுத்தாலும் பல்லி சகுனம் பார்க்கும். அதற்குத் தோதாக அந்த வீட்டுக் கூரை மூலையில் செவந்தி என்ற பல்லி குடியிருந்தது. பேசத் தொடங்கும் முன் தொண்டையைச் செருமிக்கொள்வது செவந்தியின் பழக்கம். "ச்சு... ச்சு..." என்று செருமியதுமே, "பல்லி சொல்லிடுச்சு!" என்று வேலப்பன் எழுந்து நடந்துவிடும். பாவம் செவந்தி! அது சொல்ல வந்த ஒரு பேச்சையாவது அந்த வீட்டில் யாரும் முழுசாகக் கேட்டதில்லை.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் புயல் அடித்தது. காடே ஆடியது. காது கிழிகிற மாதிரி இடி இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் வேலப்பன் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது.

"பயமா இருக்காங்க?" என்று இருட்டில் வடிவு கேட்டது.

"பயமா? எனக்கா? குளிருது!"

விடிந்து பார்த்தால், மேற்கு மூலையில் ஓலை பிய்ந்து தொங்கியது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. நடுக்கூரை முழுக்கச் சல்லடை மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள்! வீட்டுக்குள் முழங்கால் நனையத் தண்ணீர்.

வடிவு நிறைமாதமாக இருந்தது. குட்டிக்காகப் பரப்பி வைத்திருந்த காய்ந்த புல்லெல்லாம் ஊறிக் கிடந்ததைப் பார்த்ததும் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"பச்சைக்குட்டியை இந்த ஈரத்துல எப்படிங்க படுக்க வைக்கிறது? கூரையைச் சரி பண்ணுங்க. அதுக்கப்புறமும் ஒழுகினா நான் அக்கரைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். ஆத்துல வெள்ளம் வந்துட்டா தை மாசம் வடிஞ்சாத்தான் திரும்பி வர முடியும். சொல்லிட்டேன்!"

வேலப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடிவு இல்லாவிட்டால் அதற்கு ஒரு வாய் கிழங்கு இறங்காது. குட்டி கண் திறந்து பார்க்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை ஆசையாகக் காத்திருந்தது வேறு.

ஒட்டுப் போடுவதா? கூரையையே மாற்றுவதா?

தூக்கணாங்குருவியைக் கூப்பிட்டுக் காட்டியது. குருவி ஓலை ஓலையாகத் தட்டிப் பார்த்தது.

"ஓலையெல்லாம் திடமாத்தான் இருக்கு மாமா. மூலையைத் தைச்சு, ஓட்டையை அடைச்சாப் போதும்."

கூப்பிடாமலே கோணையன் என்ற குரங்கும் வந்து நின்றது.

"ஒட்டுப் போட்டதெல்லாம் ஒரு கூரையாண்ணே? மொத்தமாப் பிரிச்சுப் போட்டுட்டுப் புதுசா வேய்ஞ்சிடலாம்!"

எதையாவது பிரிக்க வேண்டுமென்றால் கோணையன் முதல் ஆளாக வந்துவிடும். வேய்கிற வேலையில் அதை யாரும் பார்த்ததில்லை.

வேலப்பன் குழம்பிப் போய் நின்றது. அப்போது கூரையிலிருந்து செவந்தி குரல் கொடுத்தது.

"ச்சு... ச்சு... வேலப்பா, அந்த ஓட்டையெல்லாம்..."

"ஆகா! கிழக்கால இருந்து சொல்லுது! கிழக்கால சொன்னா ஒட்டுப் போடணும்னு பலன்!"

இந்தப் பலனை வேலப்பன் அந்த நிமிஷம்தான் உண்டாக்கியது.

குருவி நார் கொண்டுவந்து மூலையை அழகாகத் தைத்தது. ஒவ்வொரு ஓட்டையையும் தேடிப் பிடித்து அடைத்தது. அடுத்த மழை தூறலாக வந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதற்கடுத்தது இடியோடு வந்தது. வீடு குளமாகிவிட்டது!

வேலப்பன் நேராகக் குருவியிடம் போய்ச் சண்டை போட்டது.

"நீயெல்லாம் ஒரு தையல்காரனா?"

"நான் போட்ட ஒட்டு ஒண்ணுகூட விடலை மாமா. வந்து பாருங்க! இதெல்லாம் புது ஓட்டை!"

"பழைய கூரையில புது ஓட்டை எங்கேயிருந்து வரும்? மழுப்பாதே!"

குருவிக்கு ரோஷம் வந்துவிட்டது. விருட்டென்று பறந்து போனது.

வீட்டில் வடிவு, புருஷனின் முதுகு முள்ளில் ஒட்டியிருந்த ஓலைத் துணுக்குகளைப் பொறுக்கிப் போட்டபடி, "எங்கே போய் உரசிட்டு வர்றீங்களோ!" என்று அலுத்துக்கொண்டது.

"ச்சு... ச்சு... வடிவு, அந்தத் துணுக்கு இருக்கே..." என்று ஆரம்பித்தது செவந்தி.

"கேட்டியா! இந்தத் தடவை மேற்கால இருந்து! கூரையையே மாத்தச் சொல்லுது!" என்று வேலப்பன் துள்ளியது.

கோணையன் தன் கூட்டத்தோடு வந்து கண்மூடித் திறப்பதற்குள் கூரையைப் பிரித்து எறிந்தது. அப்புறம் கிளையில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டே, "அந்த ஓலையை இப்படித் திருப்புங்கண்ணே!" என்று வேலை சொன்னது. பச்சை ஓலையைக் கடித்துக் கடித்து இழுத்து வந்து வேய்ந்ததெல்லாம் வேலப்பன்தான். வாயெல்லாம் புண். ஆனாலும் புதுக் கூரையைப் பார்த்ததும் அதற்குப் பெருமை தாங்கவில்லை. பழைய உயரத்திலேயே, மூக்கில் இடிக்கிற மாதிரியே வேய்ந்திருந்தது.

"இனிமே ஒழுகினா என் பேரை மாத்திக்கிறேன்!" என்றது.

மறுநாளே மழை இடியோடு வந்தது. பளபளவென்றிருந்த புதுக் கூரை, பழையதைவிட அதிகமாக ஒழுகியது!

பொழுது விடிந்ததும் வடிவு கிளம்பிவிட்டது. வழிக்கு ஒரு கிழங்கை வாயில் கவ்விக்கொண்டு வாசலில் இறங்கியது. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"போகாதே வடிவு! நானும் ஒட்டிப் பார்த்துட்டேன், மாத்தியும் பார்த்துட்டேன். இன்னும் என்னதான் பண்றது?" என்று வேலப்பன் கண்ணைக் கசக்கியது.

பொத்தென்று செவந்தி அதன் மூக்கின்மேல் குதித்தது.

"மூக்குல பல்லி விழுந்தா..." என்று வேலப்பன் தொடங்கியது.

"பலனை அப்புறம் பாரு! முதல்ல உன் முதுகைப் பாரு!"

"என் முதுகை நான் எப்படிப் பார்க்கிறது?"

வடிவு திரும்பிப் பார்த்தது. புருஷனின் முள் நுனிகளில் எல்லாம் ஒவ்வொரு துணுக்கு ஒட்டியிருந்தது. அத்தனையும் புதுக் கூரையின் பச்சை ஓலை!

செவந்தி இந்தத் தடவை செருமவே இல்லை. மூச்சு விடாமல் சொல்லி முடித்தது.

"இடி இடிச்சா நீ சிலிர்க்கிறே. நீ சிலிர்த்தா முள்ளெல்லாம் கூரையில குத்துது. புயல் பிய்ச்சது அந்த ஒரு மூலையை மட்டும்தான். மத்த ஓட்டையெல்லாம் நீ போட்டது! இதைச் சொல்லத்தான் முதல் நாள்லேருந்து செருமிக்கிட்டு இருக்கேன்!"

வடிவு சிரிப்பை அடக்கப் பார்த்தது. முடியவில்லை. கிழங்கு வாயிலிருந்து உருண்டு விழுந்தது.

"நான் ஒண்ணும் பயப்படலை. குளிர்தான்..." என்று முனகியது வேலப்பன்.

"சரிங்க, குளிர்தான்! சுவரை உயர்த்துங்க!"

வேலப்பன் முதலில் குருவியிடம் போய் மன்னிப்புக் கேட்டது. பிறகு களிமண் குழைத்து நாலு சுவரையும் ஒரு முழம் உயர்த்தியது. அதே ஓலையை மேலே போட்டுக் காற்றுக்குப் பறக்காதபடி காட்டுக்கொடியால் இழுத்துக் கட்டியது. குருவி ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தது. "பிரிக்கணுமாண்ணே?" என்று எட்டிப் பார்த்த கோணையனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

கார்த்திகையில் குட்டி பிறந்தது. காய்ந்த புல்லில், அப்பனும் அம்மாவும் பக்கத்தில் இருக்க, கண்ணை விழித்துப் பார்த்தது. அன்று மாலையே பேரிடி ஒன்று இடித்தது. வேலப்பனின் முள்ளெல்லாம் குத்திட்டு நின்றன. கூரையைத் தொடவில்லை. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. குட்டியின் முதுகிலும் பிஞ்சு முள் நாலைந்து சிலிர்த்து நின்றன.

"இதுக்கும் குளிரு போல!" என்றது வடிவு.

"ச்சு... ச்சு..." என்றது செவந்தி மேலிருந்து. உடனே மூன்றும் நிமிர்ந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டன.

"ஒண்ணுமில்லை, தொண்டை கரகரன்னு இருந்துச்சு."

ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா என்று கேட்பதற்கு முன்னால் பழுது எதனால் வந்தது என்று கேட்க வேண்டும். காரணம் நம் முதுகிலேயே இருந்தாலும் இருக்கும்.