தவளை ஃப்ரீ குளம்

காட்டோரக் குளம் ஒன்றில் தவளைகள் முறைவைத்துக் காவல் காத்து வந்தன. ஒரு தவளை பாறைமேல் உட்கார்ந்திருக்கும். தண்ணீர்ப் பாம்பு தலை நீட்டினால் "சேறு! சேறு!" என்று கத்தும். அவ்வளவுதான், எல்லாத் தவளைகளும் சேற்றுக்குள் புதைந்துவிடும். பாம்புகள் வெறும் வாயோடு திரும்பும்.

இந்தக் கத்தலால் நரிக்கும் பட்டினிதான். அது நாணலுக்குள் பதுங்கி வரும்போதெல்லாம் பாறைத் தவளை கத்திவிடும். நீர்க்கோழிகள் பறந்துவிடும். பொறுத்துப் பார்த்த நரி ஒருநாள் பாம்புகளிடம் போய், "தவளை உங்களுக்கு, நீர்க்கோழி எனக்கு" என்று பேசி முடித்தது. பிறகு பல்லைக் காட்டிக்கொண்டு குளக்கரைக்கு வந்தது.

"என்னப்பா பிழைப்பு இது? நாளெல்லாம் காவல், நாளெல்லாம் கத்தல். நீங்க ஃப்ரீயாவே இல்லையே!"

"ஃப்ரீன்னா என்ன நரியண்ணே?" என்று கேட்டான் தவளைகளின் தலைவன் தொப்பையன்.

"இங்கிலீஷ் தலைவரே, இங்கிலீஷ்! காசில்லாம கிடைச்சா ஃப்ரீ. வேலையில்லாம காலை நீட்டினா ஃப்ரீ. எவனுக்கும் அடங்காமத் திரிஞ்சா அதுவும் ஃப்ரீ!"

"ஒரே சொல்லுக்குள்ள இவ்வளவா!" தொப்பையனுக்குத் தொண்டை உப்பியது.

"இன்னும் இருக்கு" என்றது நரி. அது என்னவென்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. "சம்மதம்னா சொல்லுங்க. இன்னியிலிருந்து இந்தக் குளம் தவளை ஃப்ரீ!"

"சம்மதம்!"

"காதுல விழலையே!"

"சம்மதம்! சம்மதம்!"

அன்று பாறையில் காவலிருந்தவள் முள்ளி. கரையோர மூலையில் அவளுடைய தலைப்பிரட்டைகள் வாலாட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை. தாவவும் தெரியாது, சேற்றில் புதையவும் தெரியாது.

"இனிமே காவல் யாரு?" என்றாள் முள்ளி.

"காவலும் ஃப்ரீ!"

"அப்படின்னா? காவல் சும்மா கிடைக்குமா, இல்ல காவலே இல்லாமப் போயிடுமா?"

நரி வாலைச் சுழற்றியது. சட்டென்று சிரித்தது. "ஃப்ரீயா விடு தங்கச்சி!"

தவளைகள் குதித்துக் குதித்துச் சிரித்தன. கவலைப்படாதே என்பதற்கும் அதே சொல்தானாம்! குளம் முழுக்க "ஃப்ரீ! ஃப்ரீ!" என்று ஒரே இரைச்சல்.

அந்த நேரம் பார்த்து ஒரு மைனா வந்து பாறையில் இறங்கியது. நெடுஞ்சாலை டீக்கடையில் சிந்தியதைக் கொத்திப் பிழைக்கிற மைனா.

"என்னக்கா கூச்சல்?"

"குளம் தவளை ஃப்ரீ ஆயிடுச்சாம்."

மைனா விழுந்து விழுந்து சிரித்தது. "எங்க கடையிலயும் ஒண்ணு இருக்குக்கா, சுகர் ஃப்ரீ பிஸ்கட். சர்க்கரையைச் சும்மா தர்றாங்கன்னு நானும் ஆசையாக் கொத்தினேன். த்தூ! துளி இனிப்பு இல்ல. சுகர் ஃப்ரீன்னா அதுல சுகரே கிடையாதாம்!"

"அப்போ தவளை ஃப்ரீன்னா?"

மைனாவின் சிரிப்பு நின்றது.

முள்ளி ஒரே தாவலில் தொப்பையன் முன்னால் போய் விழுந்தாள். "தலைவரே, மோசம் போனோம்! தவளையே இல்லாத குளம்னு அர்த்தம்!"

"யார் சொன்னது?"

"மைனா."

"பிஸ்கட்டைத் தின்னு இங்கிலீஷ் படிச்ச மைனா! அதுகிட்ட பாடம் கேட்டுட்டு வந்த நீ!" சுற்றி நின்ற தவளைகள் கைகொட்டின. "உனக்கு வேலை பார்த்துப் பார்த்தே புத்தி கெட்டுப்போச்சு. போய்ப் படு."

"என் பிள்ளைங்களுக்கு இன்னும் காலே முளைக்கலையே!"

"ஃப்ரீயா விடும்மா!" என்றது மொத்தக் குளமும்.

முள்ளி திரும்பிப் பார்த்தபோது நாணல் ஓரமாகத் தண்ணீரில் ஒரு கீறல் நகர்ந்து வந்தது. ஒன்றல்ல, பல கீறல்கள். அவள் பாறையில் ஏறி, தொண்டை கிழியக் கத்தினாள். "சேறு! சேறு!"

கூச்சலில் அது யார் காதிலும் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த சில தவளைகளுக்கு மட்டும் கேட்டது. "பாருடா, இவ இன்னும் டியூட்டி பார்க்கிறா!" என்று அவை சிரித்தன. முதலில் பாம்பு வாயில் போனவை அவைதான்.

முள்ளி மூலைக்குப் பாய்ந்து, அழுகிய இலைகளுக்கு அடியில் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு ஒடுங்கினாள்.

ஒரு பாம்பு தொப்பையனைப் பின்னங்காலில் கவ்வியிருந்தது. "நரியண்ணே! ஏமாத்திட்டியே!" என்று தொப்பையன் அலறினான்.

நரி வாயில் ஒட்டிய இறகைத் துப்பியது. "நானா? ஒரு பொய் சொன்னேனா சொல்லு! எந்த அர்த்தம்னு கேட்டவ ஒருத்திதான். அவளைப் பார்த்துச் சிரிச்சது யாரு?"

தொப்பையன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பாம்பு அவனை இடுப்புவரை விழுங்கியிருந்தது.

சில வாரங்களில் முள்ளியின் பிள்ளைகளுக்குக் கால் முளைத்தது, வால் உதிர்ந்தது. மழை பெய்தபோது மூத்தவன் தொண்டையை உப்பிக்கொண்டு, "கத்தட்டுமா அம்மா?" என்றான்.

முள்ளி அவன் வாயைப் பொத்தினாள். "வேணாம்டா. பாம்புக்குத் தெரிஞ்சவரை இந்தக் குளத்துல நாம இல்லை."

ஒரு சொல்லின் அர்த்தத்தைக் கேட்காமல் அதற்குக் கைதட்டுகிறவர்கள், அது தங்கள் தலையில் எந்த அர்த்தத்தில் இறங்கும் என்பதை முடிவு செய்யும் உரிமையையும் சொன்னவனிடமே கொடுத்துவிடுகிறார்கள்.