கவிழ்த்த செம்பு

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதன் தலைவி செண்பகத்தம்மை. மகா ஞானி. சில விசித்திரப் பழக்கங்களும் உண்டு.

நடந்துகொண்டேதான் பாடம் சொல்வார். மூலிகை ஆயும்போது பக்கத்தில் யாராவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அடுக்களைக்குள் போனால், வாசல் நடுவில் ஒரு செம்பைக் கவிழ்த்து வைத்துக்கொள்வார்.

சீடர்கள் சும்மா இருப்பார்களா? கவிழ்த்த செம்பு என்றால் காலியான மனம் என்று பொருள் கண்டுபிடித்தார்கள். தங்கள் அறை வாசலிலும் ஆளுக்கொன்று கவிழ்த்தார்கள். இடித்துக்கொண்டு நகம் பெயர்ந்தவர்கள் அதையும் அருள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

தில்லைவனம் அந்த மடத்துக்கு வந்து சேர்ந்த சீடர். அம்மையின் வயதுதான் இருக்கும். மாட்டுக்கொட்டில் அவர் பொறுப்பு.

திருவாதிரையன்று காலை கன்றை ஊட்ட விட்டார். நாலு வாய் குடித்ததும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்க வேண்டும். அதற்குள் வேலியில் ஒரு தூக்கணாங்குருவி கூடு பின்னுவதைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்தபோது பசுவின் மடி வற்றியிருந்தது. கன்று வாயோரம் நுரையோடு நின்றது.

சொட்டுப் பால் இல்லாமல் திருவாதிரைப் பூசை நடந்தது.

மூத்த சீடர் நமச்சிவாயம் அம்மையிடம் போனார்.

"தில்லைவனத்தை அனுப்பிடணும் தாயே. குருவியை வேடிக்கை பார்த்துப் பூசைப் பாலையே விட்டுட்டார். முடியாத மனுஷர்னா மன்னிக்கலாம். கிணத்து ராட்டினம் உடைஞ்சப்போ, விடிஞ்சதிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து சரி பண்ணாரே! நினைச்சா முடியுது. நினைக்க மாட்டேங்கிறார். திமிர்."

"அவரா நினைச்சு உட்கார்ந்தாரா? இல்ல, ராட்டினம் பிடிச்சு உட்கார வச்சுதா?"



சாயங்காலம் தில்லைவனமே மூட்டை கட்டிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். அம்மை அந்தியில் கறந்த பாலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாசலில் செம்பு கவிழ்ந்திருந்தது. பயபக்தியோடு அதைத் தாண்டி உள்ளே வந்தார்.

"உத்தரவு வாங்கிக்கிறேன் தாயே. பள்ளிக்கூடத்துல கழுதைன்னாங்க. வீட்டுல உருப்படாதவன்னாங்க. இங்கயாவது மனசு அடங்கும்னு நினைச்சேன். எனக்கு விதிச்சது அவ்வளவுதான்."

"குருவி எப்படிப்பா கூடு பின்னுச்சு?"

இப்படிக் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சொன்னார். ஓலை நாரைக் கிழித்து, முடிச்சுப் போட்டு, தலைகீழாகத் தொங்கி... சொல்லச் சொல்ல அம்மையின் கண் விரிந்தது.

"இப்பவும் இருக்குமா அங்க?" என்றவர் எழுந்தே விட்டார். விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

செம்பு காலில் இடித்து உருண்டது.

"ஐயோ, பால்!"

திரும்பி ஓடிப் பானையை இறக்கினார். பால் விளிம்புக்கு வந்திருந்தது.

தில்லைவனம் உருண்ட செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாயே, அது காலியான மனசுக்கு அடையாளம்னு..."

"யார் சொன்னது?"

"எல்லாரும்."

"என்கிட்டயும் சொல்லியிருப்பாங்க. கவனிச்சிருக்க மாட்டேன்."

"அப்போ நடந்துக்கிட்டே பாடம் சொல்றது?"

"உட்கார்ந்தா எனக்குப் பாடமே ஓடாது."

"மூலிகை ஆயும்போது ஆள் வேணும்கிறது?"

"பக்கத்துல ஒருத்தர் இருந்தா எழுந்து போகத் தோணாது."

எத்தனையோ பேர் திட்டியபோது அழாத மனிதர், அங்கே நின்று அழுதார்.

"உங்களுக்கு எப்போ தாயே மனசு அடங்குச்சு?"

அம்மை செம்பை எடுத்து மறுபடி வாசலில் கவிழ்த்தார்.

"எங்க அடங்குச்சு? பால்தான் பொங்கி வழியல."

தில்லைவனம் மூட்டையை அவிழ்த்தார்.

மறுநாள் காலை அவர் கொட்டிலில் நின்ற கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். கன்றின் கயிற்றை நீளமாக்கி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டியிருந்தார். வேலியில் குருவி கத்தியது. கால் அந்தப் பக்கம் திரும்பியது. கயிறு இழுத்தது. சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, கன்றைக் கட்டிவிட்டுக் கறந்தார். குடம் நிறைந்தது. ஐம்பது வயதில் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்த மனிதரை எப்படிப் பாராட்டாமல் இருப்பது!

அம்மை பாராட்டினார். எல்லோர் முன்னாலும், வாய் நிறைய.

அதுதான் வினையாகிவிட்டது. அந்த வாரமே மடத்தில் பாதிப் பேர் இடுப்பில் கயிறு தொங்கியது.

நமச்சிவாயம் புதுக்கயிறு ஒன்றோடு அம்மையிடம் வந்து பணிவாக நின்றார்.

"இதை வலப்பக்கம் முடியணுமா, இடப்பக்கமா தாயே?"

அம்மை அந்தக் கயிற்றின் வெறும் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"உன் கன்னுக்குட்டி எதுன்னு முதல்ல பாருப்பா. அப்புறம் முடியலாம்."